ரங்கமைசின் என்றொரு மருந்து

மருந்து கிடைப்பதற்கு முன்பே அதற்குப் பெயர் வைத்துவிட்டார் எங்கள் துறைத்தலைவர். ரங்கமைசின். ஸ்ரீரங்கத்து மண்ணிலிருந்து வரப்போகிற ஆன்டிபயாடிக்குக்கு வேறென்ன பெயர் வைப்பதாம் என்று கேட்டார். அன்றைக்கு எங்களிடம் மருந்தும் இல்லை, மண்ணும் இல்லை. ப்ராஜெக்டுக்கு அனுமதி தந்த கடிதம் ஒன்று இருந்தது, கதவு சரியாக மூடாத ஃப்ரிட்ஜ் ஒன்று இருந்தது, அவ்வளவுதான். பெயர் மட்டும் கனஜோராகத் தயாராகிவிட்டது.

நான் திருச்சியில் ஒரு கல்லூரியில் வேலை பார்க்கிறேன். கல்லூரியின் பெயர் எதற்கு? இதே மாதிரி துறைத்தலைவரும் இதே மாதிரி ஃப்ரிட்ஜும் உள்ள கல்லூரிகள் ஊருக்கு நாலு இருக்கும். என் வேலை, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பாக்டீரியாவின் ஜீனோமை, அதாவது மரபணுக்களின் மொத்தத் தொகுப்பைப் படிப்பது. மண்ணில் இருக்கிற பாக்டீரியாக்கள் சில, பக்கத்தில் இருப்பதைக் கொல்ல விஷம் தயாரிக்கும். அந்த விஷத்தைத்தான் மனிதர்கள் எடுத்து மாத்திரையாகவும் ஊசியாகவும் போட்டுக்கொண்டு உயிர் பிழைத்தார்கள். இப்போது ஆஸ்பத்திரிக் கிருமிகள் பழைய மருந்துகளைச் சட்டை செய்வதே இல்லை. அதனால் புதுசு வேண்டும். ஒரு பாக்டீரியா என்னென்ன விஷம் செய்யும் என்பதற்கான சமையல் குறிப்பு அதன் ஜீனோமில் இருக்கிறது. அதைத் தேடிப் படித்து, இது ஏற்கெனவே தெரிந்தது, இது புதுசு என்று பிரித்துச் சொல்வது என் பங்கு. கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கும்.

மற்ற வேலை முழுக்க ஒரு பெண்ணின் தலையில். மண்ணை எடுப்பது, பாக்டீரியாவைப் பிரிப்பது, வளர்ப்பது, பாத்திரம் கழுவுவது வரை அவள்தான். மணப்பாறைப் பக்கம் ஒரு ஊர். அப்பாவுக்கு விவசாயம், அம்மா வீட்டில் முறுக்குச் சுற்றிக் கடைகளுக்குப் போடுகிறவர். பிஎச்.டி.க்குப் பதிவு செய்திருந்தாள். பதிவுக்குக் கெடு உண்டு. அதற்குள் ஆய்வேட்டைக் கொடுத்தால் டாக்டர் பட்டம், கொடுக்காவிட்டால் போட்ட உழைப்பெல்லாம் தண்டம். அந்தக் கெடுவில் பாதி, வேறு ஏதோ உருப்படாத தலைப்பில் ஏற்கெனவே கரைந்து போயிருந்தது. அந்தத் தலைப்பைக் கொடுத்ததும் எங்கள் துறைத்தலைவர்தான். இப்போது மிச்சமிருக்கிற பாதியை ரங்கமைசினுக்கு எழுதி வைத்துவிட்டார்.

மண் எடுக்க நாள் பார்த்தார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பஞ்சாங்கத்தைப் புரட்டி, ஒரு ஏகாதசியன்று காலை ஒன்பதரைக்கு மேல் என்று குறித்தார். இடம் கொள்ளிடக் கரையோரம் ஒரு தனியார் பூந்தோட்டம். அங்கே பறிக்கிற பூ ஸ்ரீரங்கத்தில் மாலை கட்டப் போகிறது, அது ஒன்றுதான் அந்தத் தோட்டத்துக்கு இருந்த தகுதி. அவர் ஸ்ரீரங்கத்திலேயே பிறந்து வளர்ந்தவர். அவருடைய பக்தியைப் பற்றி எனக்கு ஒரு புகாரும் இல்லை. அதைக் கொண்டுவந்து ஆராய்ச்சிக்கு விளம்பரமாக ஒட்டினாரே, அதுதான் எரிச்சல்.

“பெருமாளுக்குப் புஷ்பம் கொடுக்கற பூமி இது. இதுல இல்லாத ஔஷதம் வேற எங்க இருக்கப்போறது,” என்றார். கூட வந்திருந்த ஃபோட்டோகிராஃபருக்குக் கேட்கிற மாதிரி கொஞ்சம் உரக்கவே சொன்னார்.

மல்லிகைச் செடிக்குப் பக்கத்தில் குனிந்து ஒரு கரண்டியைப் பிடித்தபடி நின்றார். படம் எடுத்தார்கள். படம் சரியாக வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, நிழலில் போட்டிருந்த நாற்காலிக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகுதான் அந்தப் பெண் துப்பட்டாவை இழுத்துச் செருகிக்கொண்டு மண்ணில் மண்டியிட்டு உட்கார்ந்தாள். ஸ்பிரிட்டில் துடைத்த கரண்டியால் வேரடி மண்ணை ஒவ்வொரு இடமாகத் தோண்டி, குழாயில் அடைத்து, நம்பர் எழுதி அடுக்கினாள். வெயில் ஏறி வியர்வை வழிய வழிய மத்தியானம் வரை தோண்டினாள். துறைத்தலைவரும் நானும் நிழலில் இளநீர் குடித்தோம்.

திரும்பும்போது காரில் நான் சும்மா இருக்கவில்லை. “பாக்டீரியாவுக்கு ஊர்ப் பெருமையெல்லாம் தெரியாது சார். அரியமங்கலத்துல ஏதாவது ஒர்க்‌ஷாப் வாசல்ல தோண்டியிருந்தாலும் இதே கூட்டம்தான் கிடைச்சிருக்கும்,” என்றேன்.

“உங்களுக்கு எப்பவும் நம்பிக்கை கம்மி மேடம்,” என்றார் அவர். பின் சீட்டில் மண் குழாய்களை மடியில் வைத்துக்கொண்டிருந்த பெண் சிரித்ததைக் கண்ணாடியில் பார்த்தேன். அன்றைக்கு என்னை நானே பெரிய புத்திசாலி என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த சில மாதம் அவள் பட்ட பாடு கொஞ்சமல்ல. கரண்ட் போனால் வளர்ப்புப் பெட்டி சூடாகிவிடும், எல்லாவற்றையும் திரும்ப ஆரம்பிக்க வேண்டும். ஃப்ரிட்ஜ் கதவுக்குச் செங்கல் முட்டுக் கொடுத்து வைத்திருந்தாள். அப்படியும் ஐம்பதுக்கு மேல் பாக்டீரியாக்களைத் தனித்தனியாகப் பிரித்து வளர்த்துவிட்டாள். ஒவ்வொன்றையும் கண்ணாடித் தட்டில் நடுவில் வைத்து, சுற்றிலும் சாதாரணக் கிருமியைத் தடவுவாள். விஷம் செய்கிற பாக்டீரியாவாக இருந்தால், அதைச் சுற்றிக் கிருமி வளராமல் ஒரு வட்டம் வெறுமையாக நிற்கும். இருபத்தேழாம் நம்பருக்குப் பெரிய வட்டம் வந்தது. நாற்பத்தொன்றாம் நம்பருக்குச் சின்ன வட்டம்தான், ஆனால் வேறு எதற்கும் சாகாத ஒரு கிருமி அதற்குச் செத்தது. அவளுக்கு நாற்பத்தொன்றின் மேல்தான் கண்.

ஜீனோமை எழுத்தாக எடுத்துத் தருவது ஒரு வெளியூர்க் கம்பெனி, இருந்த பணத்துக்கு அங்கே ஒன்றைத்தான் அனுப்ப முடியும். “வட்டம் பெரிசா இருக்கறதை அனுப்பு. ஃபோட்டோல தெரியணுமோல்லியோ,” என்றார் துறைத்தலைவர். இருபத்தேழு போனது.

திரும்பி வந்த ஜீனோம் என் கைக்கு வந்தது. ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்த மலிவான முறையில் ஜீனோம் முழுசாக வராது, சில நூறு துண்டுகளாகத்தான் வரும். எந்தத் துண்டுக்குப் பக்கத்தில் எந்தத் துண்டு என்பதும் தெரியாது. அதை அப்படியே ஒரு இலவச மென்பொருளில் ஏற்றினால், விஷத்துக்கான குறிப்பு எந்தெந்தத் துண்டில் இருக்கிறது, தெரிந்த மருந்துகளில் எதோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பட்டியல் போட்டுக் கொடுத்துவிடும். அந்தப் பட்டியலில் மூன்று வரிகள் என் கண்ணில் பட்டன. மூன்றிலும் ஸ்ட்ரெப்டோமைசின் என்ற பழைய மருந்தின் பெயர். டி.பி. நோயாளிகளுக்கு ஊசியாகப் போடுவார்களே, அதுதான். மூன்றிலும் ஒற்றுமை குறைவு என்று இருந்தது.

நான் என்ன செய்தேன்? சொந்தக்காரர்கள்தான், ஆனால் தூரத்துச் சொந்தம் என்று முடிவு கட்டினேன். பழைய மருந்தின் ஜாடை இருக்கிறது, ஆனால் அது இல்லை. அப்படியானால் புதுசு. அதுவும் ஒன்றல்ல, மூன்று. மூன்று வரிக்கும் ஓரத்தில் சின்ன எழுத்தில் ஒரு எச்சரிக்கை இருந்தது. இந்தக் குறிப்பு துண்டின் விளிம்பில் அறுந்துபோகிறது, மீதி வேறு துண்டில் இருக்கலாம் என்று. வருடா வருடம் வகுப்பில் அந்த எச்சரிக்கையைப் பற்றி நானே பத்து நிமிஷம் பேசுவேன். கவனிக்காத மாணவர்களுக்கு மார்க் குறைப்பேன். அன்றைக்கு அதைப் பார்த்துவிட்டு, மவுஸை உருட்டிக்கொண்டு கீழே போய்விட்டேன். எனக்கு வந்த புத்தியை எதால் அடிப்பது?

துறைத்தலைவரிடம் சொன்னேன். அவர் எழுந்து நின்று கண்ணை மூடிக் கைகூப்பினார். “ஒண்ணு கேட்டேன், மூணாக் கொடுத்துட்டார். எல்லாம் அவர் திருவுள்ளம்,” என்றார். பிறகு கண்ணைத் திறந்து நிருபர்களுக்குப் போன் போட்டார்.

அந்த வாரம் நடந்த கூத்து சொல்லி மாளாது. ‘ஸ்ரீரங்கம் மண்ணில் புதிய உயிர்காக்கும் மருந்து’ என்று நாளிதழில் வந்தது. அவர் மல்லிகைச் செடியருகே கரண்டியோடு நிற்கும் படமும் வந்தது. தோண்டியவளின் பெயர் ‘குழுவினர்’ என்ற சொல்லுக்குள் போய் ஒடுங்கிக்கொண்டது. கல்லூரி வாசலில் ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். அதில் அவர் முகம் பெரிதாகவும் என் முகம் கொஞ்சம் சின்னதாகவும் இருந்தது. காட்டூரில் எங்கள் தெருவில் அயர்ன் வண்டிக்காரர்கூட, “டிவியில வருவீங்களாம்ல,” என்றார். எதிர்வீட்டு அம்மாள் ஒரு நாள் படியேறி வந்து, “அந்த மருந்து சுகருக்குக் கேக்குமாங்க?” என்று கேட்டார். கேட்காது என்று சொன்னதும், அப்புறம் எதற்கு இத்தனை ஆர்ப்பாட்டம் என்கிற மாதிரி பார்த்துவிட்டுப் போனார். அந்தத் தெருவிலேயே விவரமான ஆள் அவர்தான்.

நான் மட்டும் என்ன, வேண்டாம் என்றா சொன்னேன்? பஸ்ஸில் போகும்போது அந்த ஃப்ளெக்ஸ் வரும் பக்கத்து ஜன்னலாகப் பார்த்து உட்கார்ந்தேன். பதவி உயர்வுக்கான ஃபைலில், இன்னும் எழுதி முடிக்காத கட்டுரையை முதல் வரியில் போட்டுக் கொடுத்தேன்.

ஒரு நாள் மத்தியானம் அந்தப் பெண் என் மேஜைக்கு வந்தாள். கையில் என் பட்டியலின் அச்சுப் பிரதி.

“அக்கா, ஒரு சந்தேகம். மூணுலயும் ஸ்ட்ரெப்டோமைசின்தானே போட்டிருக்கு?”

“ஆமா. ஆனா ஒற்றுமை கம்மி. அதனாலதான் புதுசுங்கிறோம்.”

“முதல் துண்டுல மருந்தோட முன்பாதி ஜீன் இருக்கு. ரெண்டாவதுல நடுவுல உள்ளது. மூணாவதுல கடைசி. ஒண்ணுல இருக்கிறது இன்னொண்ணுல இல்லக்கா.” கொஞ்சம் தயங்கினாள். “ஒரு முறுக்கு மூணா உடைஞ்சு கிடந்தா, அது மூணு பலகாரமா?”

எனக்குச் சுருக்கென்றது. அதை மறைக்கத்தான் குரல் ஏறியது. “நீ தட்டு கழுவுற வேலையைப் பாரு. ஜீனோம் பார்க்கிறதுக்கு நான் இருக்கேன்,” என்றேன். அப்படியே, அதே வார்த்தைகளில் சொன்னேன். அவள் சரிங்கக்கா என்று காகிதத்தை மடித்துக்கொண்டு போய்விட்டாள்.

போனவள் சும்மா இருக்கவில்லை. எங்கள் செங்கல் முட்டு ஃப்ரிட்ஜில், எம்.எஸ்ஸி. பிராக்டிகலுக்காக வாங்கி வைத்திருந்த ஒரு கிருமி இருந்தது. அதற்கு ஸ்ட்ரெப்டோமைசின் மட்டும் ஒன்றும் செய்யாது. மற்ற எந்த மருந்தைப் போட்டாலும் சாகும். அவள் ஒரு தட்டின் நடுவில் இருபத்தேழாம் நம்பரைக் கோடாக இழுத்தாள். அந்தக் கோட்டை நோக்கி ஒரு பக்கத்திலிருந்து சாதாரணக் கிருமியையும், இன்னொரு பக்கத்திலிருந்து இந்தக் கிருமியையும் இழுத்துவிட்டாள். இருபத்தேழு செய்கிற மருந்து உண்மையிலேயே புதுசாக இருந்தால் இரண்டு கிருமியும் தூரத்திலேயே நின்றுவிட வேண்டும். பழைய ஸ்ட்ரெப்டோமைசினாக இருந்தால் இரண்டாவது மட்டும் பயமில்லாமல் கோடு வரைக்கும் வளர்ந்து வரும். கம்ப்யூட்டர் வேண்டாம், வெளியூர்க் கம்பெனி வேண்டாம். இரண்டு நாள் பொறுத்தால் கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

இரண்டு வாரம் கழித்துத் தட்டை என்னிடம் கொண்டுவந்து நீட்டினாள். நான் ஜன்னல் பக்கம் போய் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். ஒரு பக்கம் கிருமி விரல் அகலம் தள்ளியே நின்றிருந்தது. மறு பக்கத்துக் கிருமி ஜம்மென்று கோட்டைத் தொட்டுக்கொண்டு வளர்ந்திருந்தது.

எனக்குப் புரிந்தது. பூசி மெழுக விரும்பவில்லை. பார்த்த அந்த நொடியிலேயே முழுக்கப் புரிந்துவிட்டது. எங்கள் ரங்கமைசின், உலகம் முழுக்கத் தெரிந்த, ஊசியாகப் போட்டுப் போட்டுப் பழசாகிப்போன ஸ்ட்ரெப்டோமைசின். ஏகாதசி பார்த்துத் தோண்டி எடுத்தது அதைத்தான்.

தட்டை மூடினேன். “ஒரு பிளேட்டை வச்சு எதுவும் சொல்ல முடியாது,” என்றேன்.

“திரும்பவும் நாலு தடவை போட்டுட்டேன்க்கா. அதேதான் வருது.” அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “எனக்கு இன்னும் பத்து மாசம் இருக்கு. இப்பவே விட்டுட்டு நாற்பத்தொண்ணுக்கு மாறினா எழுதி முடிச்சிடலாம். அதுல உண்மையாவே ஏதோ இருக்குக்கா. சார் நான் சொன்னா கேக்க மாட்டாரு. அடுத்த வாரம் கமிட்டி வருது. அதுல நீங்க சொன்னா கேப்பாங்க. ஜீனோம் படிச்சவங்க நீங்கதானே.”

பார்க்கலாம் என்றேன். எங்கள் கல்லூரியில் இந்தச் சொல்லுக்கு மாட்டேன் என்று அர்த்தம். அவளுக்கு அது தெரியாதா என்ன, தெரியும். இருந்தும் நம்பிக்கொண்டு போனாள்.

கமிட்டி என்றால் ஏதோ பெரிய சபை என்று நினைத்துவிடாதீர்கள். வெளியிலிருந்து இரண்டு பேராசிரியர்கள் வருவார்கள். ஆராய்ச்சி செய்கிறவர்கள் வருடத்துக்கு ஒரு தடவை அவர்கள் முன்னால் என்ன செய்தோம் என்று விளக்க வேண்டும். அவர்கள் கேள்வி கேட்டு, இந்த வழியில் போ, அந்த வழியில் போ என்று எழுதிக் கொடுப்பார்கள். அன்று வந்த இருவரில் ஒருவர் முழு நேரமும் போனில் பேத்தியின் நடன வீடியோ பார்த்தார். இன்னொருவருக்கு உளுந்து வடைக்குத் தேங்காய்ச் சட்னியா காரச் சட்னியா என்பதில் அபிப்பிராயம் இருந்தது, மற்றபடி எதிலும் இல்லை.

அந்தப் பெண் திரையில் அந்தத் தட்டின் படத்தைக் காட்டினாள். தடுமாறாமல் பேசினாள். இது பழைய மருந்தாக இருக்கலாம் என்று தோன்றுகிறது, நாற்பத்தொன்றுக்கு மாற அனுமதி வேண்டும் என்றாள். வடைக்காரர் மெல்லுவதை நிறுத்திவிட்டார்.

துறைத்தலைவர் சிரித்தார். “குழந்தை பயப்படறா. முதல் தடவை பெரிசா ஏதாவது கெடச்சா இப்படித்தான் சம்சயம் வரும். பத்திரிகையில எல்லாம் வந்தாச்சு. பிளேட்டை வச்சிண்டு என்ன சொல்றது? ஜீனோம்தான் பேசணும்.” என் பக்கம் திரும்பினார். “நீங்க சொல்லுங்கோ மேடம். ஜீனோம் என்ன சொல்றது?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வீடியோ பார்த்தவர்கூடப் போனைக் கவிழ்த்து வைத்தார். அந்தப் பெண் திரைக்குப் பக்கத்தில் குச்சியைப் பிடித்தபடி நின்றிருந்தாள். ஆமாம், அவள் சொல்வது சரி, நான் பார்த்ததில் தவறு இருக்கிறது. இவ்வளவு சொன்னால் போதும். என் கண்ணுக்கு முன்னால் வாசலில் இருந்த ஃப்ளெக்ஸ் வந்தது, பதவி உயர்வு ஃபைலின் முதல் வரி வந்தது. பத்திரிகைக்காரனிடம் போய் மாற்றிச் சொல்ல வேண்டுமே என்ற வெட்கம் வந்தது. அவள் முகம் மட்டும் வரவில்லை, இத்தனைக்கும் அது நேரே எதிரில் இருந்தது.

“ஜீனோம்படி புதுசுதான் சார்,” என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு லேப்டாப்பை மூடினாள். கமிட்டி, இருபத்தேழாம் நம்பரிலேயே தொடரவும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டது. காபி வந்தது.

அதற்குப் பிறகு எட்டு மாதம் அவள் இருபத்தேழை வாளி வாளியாக வளர்த்தாள். வடிகட்டினாள், காய்ச்சினாள், திரும்ப வடிகட்டினாள். இது என்னவென்று தெரிந்துகொண்டே ஒருத்தி அதைச் செய்கிறாள் என்பதும், அது அவளுக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியும் என்பதும், அந்தப் பரிசோதனைக்கூடத்தில் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தது. என்னைப் பார்த்தால் அவள் சாப்பிட்டீங்களாக்கா என்று மட்டும் கேட்பாள். நான் சாப்பிட்டேன் என்று சொல்லிவிட்டு வேகமாக நடப்பேன்.

கடைசியில் கடுகளவு பொடி கிடைத்தது. அது என்ன பொருள் என்று கண்டுபிடிக்க சென்னைக்கு அனுப்பினார்கள். ஒரே ஒரு பக்கம் பதில் வந்தது. ஸ்ட்ரெப்டோமைசின். சந்தேகத்துக்கு இடமே இல்லை.

துறைத்தலைவர் அந்தக் காகிதத்தை இரண்டு முறை படித்தார். ஸ்டாஃப் ரூமில் ஏழெட்டுப் பேர் இருந்தோம். “சாம்பிள்ல ஏதோ கலந்துடுத்து. அந்தப் பொண்ணுக்குக் கை சுத்தம் போறாது, அப்பவே நெனச்சேன்,” என்றார். அவ்வளவுதான், முடிந்தது. அவர் நெற்றியில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. ஒரு மனிதனால் இத்தனை சுலபமாகக் கை கழுவ முடியும் என்பதை அன்றுதான் நேரில் பார்த்தேன். நான் என்ன செய்தேன் என்று கேட்கிறீர்களா? டீயில் சர்க்கரை போதவில்லை என்று எழுந்துபோய் இன்னும் ஒரு ஸ்பூன் போட்டுக்கொண்டேன்.

கெடு முடிந்தது. அவள் ஆய்வேடு கொடுக்கவில்லை, கொடுப்பதற்கு ஒன்றும் இல்லை. பதிவு தானாக ரத்தாகிவிட்டது. நோட்டுப் புத்தகங்களை அடுக்கி ஒப்படைத்து, ஃப்ரிட்ஜைத் துடைத்து வைத்துவிட்டுப் போனாள். நாற்பத்தொன்றாம் நம்பர் இருந்த குழாய், அவள் விட்டுப்போன மாதமே கரண்ட் போய்க் கெட்டுப்போனது. செங்கல்லை யாரும் முட்டுக் கொடுக்கவில்லை. எனக்குப் பதவி உயர்வு வந்துவிட்டது. ஃபைலைத் திறந்து யார் படித்தார்கள்?

அவள் போன பிறகு ஒரு நாள் காலையில், ஏதோ ஒரு வீம்பில், அந்த மூன்று துண்டுகளையும் எடுத்தேன். ஸ்ட்ரெப்டோமைசினின் குறிப்பைப் பக்கத்தில் வைத்துப் பொருத்திப் பார்த்தேன். விளிம்போடு விளிம்பு அப்படியே பொருந்தியது, முன்பாதி, நடு, கடைசி. எனக்கு அதற்கு அரை மணி நேரம் ஆனது. அவளுடைய வருடங்களுக்கு நான் ஒதுக்க மறுத்தது அந்த அரை மணி நேரத்தைத்தான். கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அழுதால் மட்டும் என்ன ஆகிவிடும், ஒன்றும் ஆகவில்லை.

துறைத்தலைவருக்கு அடுத்த ப்ராஜெக்ட் வந்தது. இந்த முறை காவேரிக் கரை மண். பெயர் முன்கூட்டியே தயார், காவேரிமைசின். மண் தோண்ட, வளர்க்க ஓர் ஆள் வேண்டும் என்று விளம்பரம் கொடுக்கச் சொன்னார். எனக்கு அவள் ஞாபகம் வந்தது. அவளைத் திரும்ப அழைத்து வந்துவிட்டால், புதிதாகப் பதிவு செய்ய வைத்துவிட்டால், நடந்ததெல்லாம் ஏதோ கொஞ்சம் சரியாகிவிடும் என்று ஒரு கணக்குப் போட்டேன். பாவம் செய்தவர்களுக்கு எப்போதும் இப்படி ஏதாவது ஒரு கணக்குத் தோன்றும்.

அரியமங்கலத்தில், கேன் தண்ணீர் அடைக்கிற ஒரு சின்னக் கம்பெனியில் அவள் வேலை பார்க்கிறாள் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். தண்ணீரில் கிருமி இருக்கிறதா என்று தினம் சோதிக்கிற வேலை. லேத் பட்டறைகளுக்கு நடுவில் சந்துக்குள் இருந்தது. கண்ணாடிக் கதவு போட்ட சின்ன அறையில் வெள்ளைக் கோட்டோடு நின்றிருந்தாள். தட்டுகள் வரிசையாக நம்பர் போட்டு அடுக்கியிருந்தன. ஃப்ரிட்ஜ் கதவு நன்றாக மூடியது.

“வாங்கக்கா. சந்துக்குள்ள வழி தெரிஞ்சுதா?” என்று ஸ்டூலை இழுத்துப் போட்டாள். டீ சொல்லி அனுப்பினாள். அம்மா நன்றாக இருக்கிறார்கள், அப்பாவுக்கு முட்டி வலி என்றாள். என்னைக் குற்றம் சொல்வாள் என்று எதிர்பார்த்துத்தான் போயிருந்தேன், அதற்குப் பதிலும் வைத்திருந்தேன். அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. கடைசியில் நானே எடுத்தேன்.

“அந்த மூணு துண்டும் ஒண்ணுதான். நீ சொன்னதுதான் சரி. எனக்கு இப்பத்தான் தெரிஞ்சுது,” என்றேன்.

அவள் டீ கிளாஸை என் பக்கம் நகர்த்தினாள். “அன்னைக்கு ஜன்னல் பக்கத்துல தூக்கிப் பார்த்தீங்கல்ல. அப்பவே உங்களுக்குத் தெரிஞ்சிடுச்சுக்கா. உங்க மூஞ்சியைப் பார்த்துக்கிட்டுதானே நின்னேன்.”

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வாய் வரைக்கும் வந்தது. அதற்குப் பதிலாக, கொண்டுவந்திருந்த விஷயத்தை அவசர அவசரமாகக் கொட்டினேன். புது ப்ராஜெக்ட் வந்திருக்கிறது. ஆள் எடுக்கிறார்கள். திரும்பப் பதிவு செய்துகொள்ளலாம், நான் பேசுகிறேன், எந்தத் தடையும் வராமல் பார்த்துக்கொள்கிறேன். காவேரிக் கரையில் நாற்பத்தொன்று மாதிரி ஏதாவது கிடைக்காமலா போகும் என்று வரை சொல்லிவிட்டேன்.

நாற்பத்தொன்று என்றதும் அவள் முகம் ஒரு கணம் மாறியது. அவளுக்கு அந்த வேலை மேல் ஆசை போகவில்லை. அது எனக்கு நன்றாகத் தெரிந்தது. கோட்டின் பொத்தானைத் திருகினாள்.

“அதுல ஜீனோம் யாருக்கா பார்க்கப் போறது?” என்று கேட்டாள்.

“நான்தான்,” என்றேன்.

“அப்ப வேணாம்க்கா,” என்றாள். “டீ ஆறுது பாருங்க, குடிங்க.”